மலைநாட்டு மைனருக்கு முன்பக்கம்: பழைய டிரம்மா, டிஸ்க்கா, முழு மாற்றமா?

மொரிஸ் மைனர் கார் ஒன்றைக் கழற்றிப் பூட்டும் வேலையில் இறங்கியவர்கள் எல்லாரும் ஒருநாள் முன்பக்கத்துக்கு வந்து நிற்பார்கள். பொடி, அதாவது வெளிக்கூட்டு வேலை முடிந்திருக்கும், எஞ்சின் செய்தாகியிருக்கும், என்ன நிறம் அடிப்பது என்று வீட்டில் பேச்சும் முடிந்திருக்கும். முன் சில்லு இரண்டையும் கழற்றியதும்தான் கேள்வி வரும். சில்லோடு சுழலும் உருளைக்குள் ஷூ என்ற வளைவுக் கட்டைகள் விரிந்து பிடிக்கும் பழைய டிரம் பிரேக்கையே புதுப்பித்துப் பூட்டுவதா, சுழலும் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் போடுவதா, அல்லது சஸ்பென்ஷனோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவதா?

அட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் 1098 சீசீ நாலு கதவு மைனரோடு இந்த இடத்தில்தான் நிற்கிறார். “அண்ணே, முன்னுக்கு இருக்கிறத முழுசா வெட்டி எடுத்துட்டு ஜப்பான் கார் செட் ஒன்ன அப்படியே ஏத்திட்டா என்ன? அமெரிக்காவுல பழைய கார வெட்டி மாத்தி ஹொட் ரொட் செய்றவங்க எல்லாம் அப்படித்தானே செய்றாங்க?” என்று கேட்டார். அவருக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் போன வருடங்களில் மலைநாட்டுக் கராஜ்களின் மூலையில் ரெட்டு மூடிக் கிடந்த ஸ்ரீ நம்பர் போட்ட பழைய கார்கள் எத்தனையோ வெளியே வந்தன. வெளியே வந்தவை இன்று நிற்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்.

முதலில் பாதையைப் பார்ப்போம். எதைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதை இங்கே பாதைதான் சொல்கிறது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் 1,300 மீற்றருக்கு மேல் கீழே வந்துவிடுகிறோம். நாலு பேரும் சாமானும் ஏற்றிய மைனர் சுமார் 1,100 கிலோ வரும். அந்த எடை அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 14 மெகா ஜூல். நாற்பது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்தச் சூட்டில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தைப் பிரேக்தான் வாங்க வேண்டும், அதிலும் பெரும்பங்கு முன் சில்லுகளுக்கு. அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய இறங்குகிறவர்களுக்கும் கணக்கு இதுதான். அட்டனிலிருந்து கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைக்கு இறங்குவது இவற்றை விடக் கொஞ்சம் சாந்தம், அங்கே மழை கூடுதல்.

கொழும்பில் ஓடும் மைனருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே பிரேக் அடித்து நின்றால் அடுத்த சிக்னல் வரும்வரை டிரம் ஆறிவிடும். இறம்பொடை வளைவுகளில் ஒரு வளைவுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஆற நேரமே கிடைக்காது. ஆகவே இங்கிலாந்திலோ கொழும்பிலோ இருப்பவர் “எனக்கு டிரம்மே போதும்” என்று சொன்னால் அது அவருக்குச் சரி. அதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

இனி, காரில் இருப்பது என்ன என்று பார்ப்போம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காருக்கு முன்பக்கத்தில் தனித்தனி சஸ்பென்ஷன் அன்றே இருந்தது. சில்லைக் கீழே பிடிக்கும் கீழ்க்கையிலிருந்து நீளமாகப் பின்னோக்கி ஓடும் டொர்ஷன் பார், முன் சீட்டுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங் வேலையைச் செய்வது அந்த முறுகும் கம்பிதான். மேற்கை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆட்டத்தை அடக்கும், கை வைத்த பழைய மாதிரி ஷொக்கின் கையே மேற்கை. இரண்டு கைக்கும் நடுவில் சில்லைத் தாங்கி நிற்கும் சுவிவல் பின் மேலும் கீழும் ட்ரனியன் என்ற மரை போட்ட இணைப்புத் துண்டில் திரும்புகிறது. ஸ்டியரிங் ரெக், அதாவது பல் தண்டு வகை. இதெல்லாம் சேர்ந்துதான் மைனர் வளைவில் அவ்வளவு துல்லியமாகப் போகிறது. ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு நல்ல நிலையில் உள்ள மைனர் ஒன்றை ஓட்டிப் பார்த்தவருக்கு இது தெரியும். கை எங்கே திரும்புகிறதோ கார் அங்கே போகும்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. மைனரின் முன்பக்கத்தில் உள்ள குறை சஸ்பென்ஷனின் அமைப்பில் இல்லை. தேய்மானத்திலும் பிரேக்கிலும்தான் குறை. பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு சஸ்பென்ஷனுக்குக் காசைக் கொட்டிவிட்டுப் பிரேக்கில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

தேய்மானம் என்றால் முதலில் கீழ் ட்ரனியன். கிரீஸ் காணாத ட்ரனியனில் மரை தேய்ந்து மெலிந்து, கடைசியில் ஒருநாள் சுவிவல் பின் கழன்று, சில்லு வெளிப்பக்கம் மடிந்து கார் அப்படியே அமர்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் நடக்கும். இறக்கத்தில் நடந்தால் என்னாகும் என்று எழுத வேண்டியதில்லை. பார்க்கும் முறை சுலபம். சில்லைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும், அப்போது பெயரிங்கின் ஆட்டம் கணக்கில் வராது. நீங்கள் சில்லின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். கையில் ஒரு ‘டக்’ வந்தால், ரப்பர் உறையை விலக்கி எந்த இடத்தில் அசைகிறது என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடிக்கும்போது முதலில் துருப்பிடித்த சிவப்புத் தண்ணீர் கசிந்தால், அந்த மரைக்குள் மழை போய்ப் பல காலம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதைக் கழற்றாமல் விடாதீர்கள். கிரீஸ் அடிக்கும்போது சில்லு தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், பாரம் ஏறியிருந்தால் மரையின் தேயும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. மலைநாட்டு ஈரத்துக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை அடித்தால் நல்லது. இடது வலது ட்ரனியன்களுக்கு மரை வேறு வேறு என்பதால் சாமான் வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

அடுத்தது துரு. டொர்ஷன் பார் பின்னால் பிடிக்கும் குறுக்குச் சட்டத்தின் முனைகளும், கீழ்க்கையின் கண் போல்ட் நிற்கும் சேசிஸ் கால்களும் தகட்டால் ஆனவை. வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். இந்த இரண்டு இடமும் பலமாக இல்லாத காருக்கு டிஸ்க்கா டிரம்மா என்று யோசிப்பதே வீண். முதலில் தகடு வெட்டி ஒட்டுங்கள். இந்த நாட்டில் அதற்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், 1990களில் இங்கிருந்து மைனருக்கான தகட்டுச் சாமான்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

இனித் தெரிவுகள்.

இருக்கிற டிரம்மையே நன்றாகச் செய்துகொள்வது முதலாவது. இங்கே உங்கள் கார் எந்த வருடத்தது என்பது முக்கியம். ஆரம்பக் கால மைனர்களில் முன் டிரம் 7 அங்குலம். 1962இல் 1098 சீசீ எஞ்சின் வந்தபோது முன்பக்கத்தை 8 அங்குலமாக்கினார்கள். பின்பக்கம் 7 அங்குலமாகவே இருந்தது. கையில் இருப்பது 7 அங்குலக் கார் என்றால் பழுதான 1098 ஒன்றிலிருந்து 8 அங்குலச் செட்டை எடுத்துப் பூட்டுவதுதான் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் முன்னேற்றம். பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது.

மைனரின் முன் டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் சில்லுக்கு இரண்டு. இரண்டு ஷூவும் முன்னோக்கிச் சுழலும் டிரம்மைக் கவ்வி, அந்தச் சுழற்சியாலேயே இன்னும் இறுகிக்கொள்ளும். அதனால் கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமலே சாதாரண அழுத்தத்துக்கு நன்றாகப் பிடிக்கும். சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம்மைக் குறைவாக எடைபோடக் கூடாது. டிரம்மில் உள்ள துளை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு, ஒவ்வொரு சில்லிலும் உள்ள இரண்டு அட்ஜஸ்டரையும் சில்லு பிடிக்கும்வரை திருப்பி, பிறகு சுழலும்வரை ஒரு பல் பின்னால் விட வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பி மற்றதை மறந்த கார்கள் நிறைய ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள்தான் “மைனருக்குப் பிரேக் இல்லை” என்று சொல்வது.

ஆனால் மலைநாட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு. முன்னோக்கிப் போகும்போது இறுக உதவுகிற அதே அமைப்பு, கார் பின்னோக்கி உருளும்போது எதிராக வேலை செய்யும். இரண்டு ஷூவையும் டிரம் தள்ளிவிடப் பார்க்கும். ஏற்றத்தில் மூக்கு மேலே நிற்கும்படி நிறுத்தியிருக்கிறீர்கள், முன்னால் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது, உங்கள் கார் பின்னால் வழுக்குகிறது. அந்த நேரத்தில் முன் பிரேக்கின் பலம் பாதியாகவும் இருக்காது. பின் டிரம்மும் ஹேண்ட் பிரேக்கும்தான் காரைத் தாங்க வேண்டும். நானுஓயா ஏற்றத்திலோ தோட்டத்துப் பாதையிலோ இது தினசரி நடக்கிற விஷயம். கொழும்பு மெக்கானிக் பாஸ்மாருக்கு இது பெரிதாகத் தோன்றாது.

இறக்கத்தில் சூடு ஏறினால் டிரம் விரியும். ஷூ அதைத் தொட இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டும். பெடல் கீழே இறங்கும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். கருகல் வாசம் வரும்போது பாதிப் பிரேக் போய்விட்டது. மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் அடுத்த சில மிதிக்குப் பிடிக்காது, பிறகு ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கும்.

ஆகவே டிரம்மோடு இருப்பதானால் ஓட்டும் முறையும் டிரம்முக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைநாட்டுப் பழைய டிரைவர்மார் சொன்னது இதற்காகத்தான். மைனரின் முதலாம் கியருக்கு, ஓடும்போது கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோ இல்லை. ஓடும்போது அதற்கு இறக்குவது எல்லாருக்கும் கைவராது. ஆகவே செங்குத்து இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியரில் விழுந்துவிட வேண்டும்.

வூல்ஸ்லி 1500 காரின் பெரிய டிரம் பற்றியும் சிலர் கேட்பார்கள். அந்தக் கார் 1957இல் மைனரின் தரைச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டது, ஆகவே அதன் முன் சாமான் மைனருக்கு நன்றாகவே சேரும். ஒரு காலத்தில் எல்லாரும் தேடியது அதைத்தான். இன்று அந்தக் காரே கண்ணில் படுவதில்லை. கிடைத்தாலும் தேய்ந்த டிரம்முக்கு மாற்று எங்கே தேடுவீர்கள்? அதே செலவை டிஸ்க்கில் போடுவது மேல்.

டிஸ்க்குக்கு வருவோம். 1971இல் வந்த மொரிஸ் மரீனா காருக்கு மைனரின் முன்பக்க அமைப்பையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். அதே டொர்ஷன் பார், அதே கை ஷொக், அதே ட்ரனியன். அதனால் அதன் ஹப், டிஸ்க், டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பர் ஆகியவை மைனருக்கு வந்து பொருந்துகின்றன, சில்லு போல்ட் இடைவெளியும் அதே 4 அங்குலம். இங்கிலாந்தில் இன்று விற்கும் டிஸ்க் செட்கள் பல இந்த வழியில் வந்தவைதான். மைனரின் சஸ்பென்ஷனை வெட்டாமல் ஒட்டாமல், போல்ட்டை மட்டும் கழற்றிப் பூட்டி முடிக்கலாம். பிடிக்காவிட்டால் பழையபடி திரும்பவும் ஆக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

இறக்கத்தில் டிஸ்க் செய்யும் வித்தியாசம் பெரியது. தட்டு காற்றில் திறந்து நிற்கிறது, சூடு உள்ளே அடைபடாது. விரிந்தாலும் கலிப்பருக்குள் இருக்கும் பிரேக் பெட் (தேயும் கட்டை) பக்கம்தான் விரியும், ஆகவே பெடல் இறங்காது. நனைந்தாலும் ஓரிரு சுற்றில் தண்ணீரைத் துடைத்துவிடும். முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே மாதிரிப் பிடிக்கும். ஏற்றத்தில் வழுக்குகிற அந்தப் பயமும் போய்விடும்.

கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. தானே இறுகும் உதவி டிஸ்க்கில் கிடையாது, ஆகவே காலால் கூடுதலாக மிதிக்க வேண்டும். உடனே பூஸ்டர் போடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் அது வேலை செய்வது வெளிக் காற்றழுத்தத்துக்கும் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பூஸ்டரின் உதவியும் அந்த அளவுக்குக் குறையும். இறக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். என் அபிப்பிராயத்தில் இவ்வளவு எடை குறைந்த காருக்குப் பூஸ்டர் கட்டாயமில்லை. முதலில் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். வயதானவர்களும் ஓட்டும் கார் என்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளூரில் ஜப்பான் கலிப்பரை வைத்துச் செய்கிற வழியும் உண்டு. இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். இங்கிலாந்துச் செட்டின் பெட் தேய்ந்தால் மறுபடி அங்கிருந்தே எடுக்க வேண்டும். நாட்டில் ஆயிரக்கணக்கில் ஓடிய ஜப்பான் காரின் பெட் அட்டன் டவுனிலும் பதுளையிலும் அன்றே கிடைக்கும், கலிப்பர் ரப்பர் செட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். மழைக்காலத்தில் நடுவழியில் நிற்பவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் கலிப்பரைப் பிடிக்கும் தட்டை யார் செய்கிறார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நல்ல தடிப்பான தகட்டில், லேத்தில் தட்டையாக்கி, டிஸ்க் கலிப்பரின் சரி நடுவில் ஓடும்படி செய்ய வேண்டும். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. இரும்புக் கடையில் எடுத்த பட்டையை வளைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுவிவல் பின்னிலோ ஸ்டியரிங் கையிலோ எந்தக் காரணத்துக்கும் வெல்டிங் படக் கூடாது. முடிந்ததும் ஸ்டியரிங்கை முழுதாக இடமும் வலமும் திருப்பி, சஸ்பென்ஷனை மேலே தள்ளியும் கீழே தொங்கவிட்டும், பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடாமல் உரசாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சில்லின் உள்பக்கம் கலிப்பரில் படுகிறதா என்பதையும் பெயின்ட் அடிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பெடலை மிதித்ததும் பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் இருக்கும் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே, சேசிஸ் காலுக்குள் இருக்கிறது. கார்பெட்டைத் தூக்கித்தான் ஒயில் பார்க்க வேண்டும், ஆகவே பலர் பார்ப்பதே இல்லை. அதைக் கழற்றப் போனால் போல்ட்டை இழுக்க விடாமல் டொர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அதாவது சஸ்பென்ஷனைக் கழற்றும்போதே இதையும் முடித்துவிட வேண்டும். சஸ்பென்ஷன் இந்த வருடம், பிரேக் அடுத்த வருடம் என்று பிரித்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள்.

டிரம்முக்காகச் செய்த மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. டிஸ்க் போட்ட பிறகும் அதை விட்டுவைத்தால் பெட் தட்டை விட்டு விலகாது, இறக்கம் தொடங்கும் முன்பே டிஸ்க் சூடாகிவிடும். ஆகவே அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் வேறொன்று வரும். மாஸ்டர் சிலிண்டர் கலிப்பரை விடத் தாழ்வாக இருப்பதால் ஒயில் மெல்லப் பின்வாங்கி, காலையில் முதல் மிதி நீளமாகப் போகும். அமெரிக்க ஹொட் ரொட்காரர்களுக்கு இது பழக்கமான விஷயம், அவர்களும் மாஸ்டரைத் தரைக்குக் கீழேதான் வைப்பார்கள். டிஸ்க் குழாயில் 2 பீஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வும் டிரம் குழாயில் 10 பீஎஸ்ஐ வால்வும் வைத்து அவர்கள் இதைச் சரிசெய்கிறார்கள். நாமும் அதைச் செய்யலாம். ஒயில் டாங்கியை எஞ்சின் அறையில் உயரத்தில் தனியாக வைப்பதும் நல்லது, பார்ப்பதற்கும் சுலபம்.

முடிந்தால் இன்னும் ஒரு படி போங்கள். மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் பிரிந்த இரட்டைச் சுற்று மாஸ்டரை எஞ்சின் அறைச் சுவரில் ஏற்றி, பெடலையும் அதற்கேற்ப மாற்றும் வழி இருக்கிறது. டிஸ்க் போடக் காசு போதாது, ஆனால் இதற்குப் போதும் என்றால், டிரம்மை வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள் என்பேன். குழாய்களைச் செம்பு நிக்கல் கலந்ததாகப் போட்டால் இந்த மழைக்குத் துருப்பிடிக்காது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடலாம். டொட் 3 என்றால் 205இலிருந்து 140. மூடுபனிக்குள்ளேயே நிற்கும் காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை முழுதாக மாற்றுவது, விலை கூடிய டிஸ்க்கை விடப் பல நேரங்களில் அதிகம் காப்பாற்றும்.

ஷொக் விஷயம் சின்னது. கை ஷொக் ஒயில் விட்டிருந்தால் கார் படகு மாதிரி ஆடும். அதை வைத்துக்கொண்டே பக்கத்தில் பிரெக்கெட் போட்டுச் சாதாரணக் குழாய் ஷொக் பூட்டும் முறை இருக்கிறது, நல்ல முறைதான். பழைய ஷொக்கின் கை மேற்கையாக இருப்பதால் அதைக் கழற்றிவிட முடியாது. அதன் தண்டில் ஆட்டம் இருந்தால் புது ஷொக் போட்டும் சில்லின் நிலை சரிவராது.

இப்போது தம்பி கேட்ட கேள்வி. ஹொட் ரொட்காரர்கள் வெட்டி ஏற்றுவது பெரும்பாலும் 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்ட் மஸ்டாங் II காரின் முன்பக்க அமைப்பை. அவர்கள் கையில் இருப்பது 1930களின் கார். அதற்கு முன்னால் ஒரே அச்சும் குறுக்கு ஸ்பிரிங்கும்தான் இருந்தது, ரெக் ஸ்டியரிங் இல்லை, டிஸ்க் இல்லை. கீழே நீளமான இரண்டு இரும்புச் சட்டம் உண்டு, குறுக்குச் சட்டத்தை அதில் அளந்து வெல்ட் பண்ணலாம். அவர்களுக்கு அந்த மாற்றத்தில் எல்லாமே லாபம். மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, பொடியும் தரையும் ஒன்றாகச் சேர்ந்த தகட்டுக் கூடு. தனித்தனி சஸ்பென்ஷனும் ரெக்கும் பிறவியிலேயே இருக்கின்றன. வெட்டி ஏற்றினால் நமக்குப் புதிதாகக் கிடைப்பது டிஸ்க் ஒன்றுதான், அதை வெட்டாமலே போடலாம் என்று மேலே பார்த்தோம்.

பாரம் போகும் வழியும் மாறிவிடும். டொர்ஷன் பார் காரின் பாரத்தை நடுத் தரைக்குக் கொண்டுபோகிறது. அதனால்தான் முன் கால்களை மெல்லிய தகட்டில் செய்ய முடிந்தது. கொயில் ஸ்பிரிங் வைத்தால் அந்தப் பாரம் முழுதும் எஞ்சின் அறைப் பக்கத்துக்கு ஏறும். கொயிலும் ஷொக்கும் ஒன்றான செட் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும், அந்த இடத்துக்குத் தகடு வைத்துப் பலப்படுத்தாமல் போடக் கூடாது. பெரிய ஜப்பான் எஞ்சின் ஏற்றி, டொர்ஷன் பார் குறுக்கே வருகிறது என்று மாற்ற வேண்டியவர்களுக்கும், ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குக் கார் தயாரிப்பவர்களுக்கும் கொயில் செட் நியாயமானது. அளவு எடுக்கத் தெரிந்த, அளவு பிசகாமல் பிடிக்கும் ஜிக் வைத்து வேலை செய்கிற ஆள் கையில் இருக்க வேண்டும். குறுக்குச் சட்டம் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலும் குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். மலைப்பாதையில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும்போது அப்படிப்பட்ட காரில் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்.

தம்பிக்குச் சொன்ன முடிவு இது. வாரத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு அட்டனிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ இறங்கி ஏறுகிற கார் என்றால், சொந்த சஸ்பென்ஷன் அப்படியே இருக்கட்டும். ட்ரனியன், புஷ், கண் போல்ட் எல்லாம் புதிதாக, குழாய் ஷொக், முன்னுக்கு டிஸ்க், இரட்டைச் சுற்று மாஸ்டர். எஞ்சின் 1098 அப்படியே. கலியாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் டவுனுக்குள் மட்டும் ஓடுகிற கார் என்றால் 8 அங்குல டிரம் நன்றாகப் போதும், காசைத் தகட்டு வேலைக்கும் பிரேக் குழாய்க்கும் வைத்துக்கொள்ளலாம். 7 அங்குல டிரம்மோடு இறம்பொடை இறங்குவதற்கு மட்டும் நான் யாருக்கும் சரி சொல்ல மாட்டேன். “அப்ப வெட்ட வேணாங்கிறீங்க?” என்றார். வேண்டாம் என்றேன். வாங்கி வைத்திருந்த ஜப்பான் செட்டிலிருந்து கலிப்பரையும் டிஸ்க்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போயிருக்கிறார்.

பூட்டும்போது ஒழுங்கு இப்படி இருக்கட்டும். கழற்றும் முன் டொர்ஷன் பார்களில் இடம் வலம் என்று பெயின்ட்டால் எழுதுங்கள். ஒரு பக்கம் முறுகிப் பழகிய பாரை மறுபக்கம் போட்டால் முறியும் அபாயம் உண்டு. ரப்பர் புஷ் உள்ள நட்களை, கார் தரையில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகிச் சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிந்ததும் முன் சில்லுகளின் டோ இன்னை, அதாவது அவற்றின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை, 3/32 அங்குலத்துக்கு, அதாவது 2.4 மில்லிமீற்றருக்கு வைக்கச் சொல்லுங்கள். புது பிரேக் பெட்களை முதலில் சமமான பாதையில், வேகம் குறைத்து வேகம் கூட்டி, இடையில் ஆறவிட்டுப் பழக்குங்கள். பிறகு ஆளில்லாமல், சாமானில்லாமல் ஒரு இறக்கம் இறங்கி, அடியில் நிறுத்தி, நாலு ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தக் கலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் காற்று இருக்கிறது அல்லது பிஸ்டன் நகரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கலிப்பர் போல்ட்டையும் கண் போல்ட் நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, ஒயில் மட்டத்தையும் ஒரு தடவை பாருங்கள். அதற்குப் பிறகு குடும்பத்தை ஏற்றலாம்.